கோட்டுக்குள் தண்ணீர் ஊற்றுகிறவர்

மழைக்கோட்டு வாங்குகிற மனிதர்கள் இருக்கிறார்கள். வாங்காமல் நனைகிற மனிதர்களும் இருக்கிறார்கள். இவர்களோடு நமக்கு ஒரு சண்டையும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில், கடை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு இனம் நிற்கிறதே, அதைப் பற்றித்தான் பேச்சு. மழைக்கோட்டை விசாரிக்கிற இனம்.

இந்த இனத்தை அடையாளம் காணப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். வானம் கறுத்தால் போதும். நீங்கள் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடுவீர்கள். இவர் கடைக்கு ஓடுவார். ஓடிப்போய் வாங்குவார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. கொக்கியில் தொங்குகிற கோட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லி, துணியை விரல் நடுவே வைத்துத் தேய்த்து, முகர்ந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, ஜிப்பை மேலும் கீழும் ரயில் விட்டு, கையின் நுனியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு தோள் பக்கமாக வாயை வைத்து ஊதி, காற்று எங்கேயாவது கசிகிறதா என்று கன்னத்தைக் கொடுத்துப் பார்த்து, பிறகு தையலை இரண்டு கையாலும் பிடித்துக் கோழி இறக்கையைப் பிய்க்கிற மாதிரி ஒரு இழு இழுத்து, கடைசியில் "நல்லாத்தான் இருக்கு" என்பார். கடைக்காரர் பையை எடுப்பார்.

"ஆனா..." என்பார்.

பை கீழே போகும். அந்த "ஆனா"வில்தான் இவருடைய உயிர் இருக்கிறது.

விலை கூடினால் "பேருக்குத்தான் காசு" என்பார். குறைந்தால் "இந்த விலைக்கு என்னத்தைக் குடுத்துடப் போறான்?" என்பார். கனமாக இருந்தால் வேர்க்கும். லேசாக இருந்தால் கிழியும். மஞ்சள் என்றால் அழுக்குத் தெரியும், கறுப்பு என்றால் ஆளே தெரியாது. இவருக்கு என்னதான் வேண்டும்? ரப்பர் மாதிரித் தண்ணீரைத் தடுக்க வேண்டும், பருத்தி மாதிரிக் காற்றை விட வேண்டும், தகரம் மாதிரி உழைக்க வேண்டும், மடித்தால் சட்டைப் பையில் அடங்க வேண்டும், விலை மட்டும் ஒரு பிளாஸ்டிக் வாளியின் விலை. அப்படி ஒன்றை எவனாவது தைத்துக் கொண்டுவந்து கொடுத்தால் அதையும் இழுத்துப் பார்ப்பார்.

சரி, இவ்வளவு தெரிந்த மனிதரிடம் மழைக்கோட்டு இருக்கிறதா? கேட்டுவிடாதீர்கள். "பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பார். கல்யாணம் ஆன காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை வந்தால் துணிக்கடைப் பை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு காதையும் அதன் பிடிக்குள் விட்டுக்கொண்டு, பெரிய ஆராய்ச்சியோடு நடந்து போவார்.

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒரு உருப்படியை எடுத்துக்கொள்வோம். பெற்றவர்கள் வைத்த பேர் நமக்கு எதற்கு? அலசலார் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். நாள் முழுக்கக் கூரைக்கடியில் நாற்காலி. வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் அவர் தலைக்கு மேலே திறந்த வானம் என்பது ஒரு தெரு அகலம்தான். ஆனால் மழை உடுப்பைப் பற்றி வாயைத் திறந்தால், பிறந்ததிலிருந்து புயலில் நின்று வளர்ந்தவர் மாதிரி இருக்கும். கைபேசியில் அவர் பார்ப்பதெல்லாம் அதுதான். எங்கேயோ எவனோ கோட்டைப் போட்டுக்கொண்டு அருவிக்கடியில் நிற்பான். இவர் சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "தோள்ல விடுது பார், தோள்ல விடுது" என்று அவனுக்காகக் கவலைப்படுவார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த மனிதர் சொல்வதில் முக்கால்வாசி சரி. மலிவான கோட்டில் முதலில் போவது துணி இல்லை, தையல். உள்பக்கம் தையல்மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிப்புக்கு மேலே ஒரு மூடி வேண்டும். தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் தொப்பியின் உள்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வலை இழுக்கிறவனுக்கு மணிக்கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையைத் தூக்கினால் தண்ணீர் அக்குள் வரைக்கும் வரும். கால்சட்டைக்குத் தோள்வார் வேண்டும். எல்லாம் சரி. சொல்லிவிட்டு ஒன்றை வாங்கியிருந்தால் அவரை மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போகலாம். வாங்க மாட்டார். வாங்கிவிட்டால் அப்புறம் எதைப் பேசுவது?

இந்த அலசலாருக்கு ஒரு மைத்துனன். பெண்டாட்டியின் தம்பி. அக்கா வீட்டுப் பின்னறையில் தங்கி, துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன். வருஷக்கணக்கில் கரையிலேயே பெட்டி தூக்கி, யார் யாரையோ பிடித்து, யார் யாருக்கோ டீ வாங்கிக் கொடுத்து, கடைசியில் ஒரு படகில் இடம் பிடித்துவிட்டான். படகு ஒரு அம்மாவுக்குச் சொந்தம். புருஷன் போன பிறகு தானே எடுத்து நடத்துகிற அம்மா. குரல் படகு இஞ்சினைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. அவள் கூப்பிட்டுச் சொன்னாள்.

"தம்பி, மழை ஆரம்பிச்சதும் முதல் ஓட்டத்துலயே உன்னை ஏத்திக்கிறேன். ஆனா மேலுக்கும் காலுக்கும் ஒழுங்கான மழை உடுப்போட வரணும். போன மழையில ஒருத்தன் உரச்சாக்கைப் போத்திக்கிட்டு வந்தான். நடுக்கடல்ல குளிர்காய்ச்சல். போட்ட வலையை அறுத்து விட்டுட்டுத் திரும்பினோம். இந்தத் தடவை கரையிலயே பார்த்துடுவேன். இல்லேன்னா உன் இடத்துக்கு ஆள் நிக்குது."

ஆள் நின்றது உண்மைதான். ஒல்லியாக ஒருத்தன், படகுத்துறையில் எந்நேரமும் குந்தியிருப்பான், எவனுக்குக் கால் சுளுக்கும் என்று பார்த்தபடி.

மைத்துனன் நேராகத் துறைமுகக் கடைக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு செட்டு தொங்கிக்கொண்டிருந்தது. படகில் போகிற பாதிப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். அவன் செய்த தப்பு, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் வாயைத் திறந்தது.

"அக்கா, ஒரு மழைக்கோட்டு வாங்கணும்."

அலசலாரின் கையில் இருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம். வாழ்நாளெல்லாம் பரீட்சைக்குப் படித்தவனிடம் கேள்வித்தாளைக் கொடுத்த மாதிரி.

"நீ சும்மா இரு. நான் பார்த்துக்கிறேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, போச்சு என்று அர்த்தம்.

மறுநாளிலிருந்து ஊர்வலம். அலசலார் முன்னே, மைத்துனன் பின்னே. கடை கடையாக ஏறினார்கள். மைத்துனனுக்கு மாட்டுவார், கழற்றுவார், மறுபடி மாட்டுவார். "குந்து" என்பார். "எழுந்திரு. கையை மேல தூக்கு. இப்ப வலையை இழு." கடை நடுவில் இல்லாத வலையை இழுத்துக்கொண்டு அவன் நிற்பான், பொத்தான் வாங்க வந்த பெண்கள் சிரிப்பார்கள். துறைமுகக் கடையிலும் ஏறினார்கள். அந்த மஞ்சள் செட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. உள்ளே பட்டை இருக்கிறது. ஜிப்புக்கு மூடி இருக்கிறது. தோள்வார் இருக்கிறது. விலையும் கைக்கு எட்டுகிற விலை. மைத்துனன் பாக்கெட்டில் கையை விட்டான்.

"பொறு" என்றார் அலசலார். கடைக்காரரின் தண்ணீர் பாட்டிலை எடுத்து, கோட்டின் கைக்குள்ளே கவிழ்க்கப் போனார்.

கடைக்காரர் பாய்ந்து பிடித்தார். "சார், சார்! இது கோட்டு, குடமில்ல. வெளியிலேர்ந்து வர்ற தண்ணியைத் தடுக்கத் தச்சது. உள்ள ரொப்பி வைக்க இல்ல."

"தண்ணிக்கு உள்ள என்ன, வெளிய என்ன? நிக்குமா நிக்காதா?"

"நிக்கும் சார். நீங்க வெளிய நில்லுங்க, இது நிக்கும்."

அலசலார் பாட்டிலை வைத்துவிட்டு ஜிப்பை உற்றுப் பார்த்தார். "ஆனா... ஜிப்போட நாக்கு இரும்பு. உப்புக் காத்துல துரு பிடிச்சுடும். வா போலாம்."

மைத்துனன் தெருவில் வந்து நின்று கேட்டான். "மாமா, துரு பிடிச்சா கொஞ்சம் எண்ணெய் போட்டுக்கலாமே."

"அவசரப்படாதேடா. இப்ப சீசன். விலையை ஏத்தி வச்சிருப்பான். மழை முடியட்டும், பாதி விலைக்குத் தள்ளிவிடுவான்."

வீட்டில் இதைக் கேட்ட அக்கா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். "மழை முடிஞ்சப்புறம் மழைக்கோட்டு எதுக்கு? வெயிலுக்குப் போட்டுக்கிட்டு வேர்க்கவா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்கு மழை புரியும். மேல வந்துக்கிட்டிருக்கு."

வந்துவிட்டது. படகுக்கார அம்மா சொல்லியனுப்பினாள்: நாளைக்கு விடிந்ததும் ஓட்டம். அன்றைக்கு மத்தியானம் மைத்துனன் யாரிடமும் சொல்லாமல் துறைமுகக் கடைக்கு ஓடினான். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "மாமா வரலையே?" "இல்ல." "சீக்கிரம் எடுத்துக்க." மஞ்சள் செட்டை வாங்கி, பின்னறையில் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, படகில் ஐஸும் வலையும் ஏற்றப் போனான். மனசு லேசாக இருந்தது. கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே ஐஸ்கட்டி தூக்கினான். நாளைக்கு நனைய மாட்டோம் என்கிற சந்தோஷத்தில் நனைவதும் ஒரு சுகம்தானே.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தான். அக்கா குளியலறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"நான் குளிக்கணும்னேன். கோட்டு குளிச்சுக்கிட்டிருக்குங்கறார் உன் மாமா."

உள்ளே எட்டிப் பார்த்தான். துணிக்கம்பியில் அவனுடைய மஞ்சள் கோட்டு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. கழுத்தைக் கயிறு போட்டு இறுக்கி, இரண்டு கையையும் முடிச்சுப் போட்டு, இடுப்புப் பக்கம் வாயைத் திறந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தது. கர்ப்பிணி எருமை மாதிரி ஊதிப்போய்த் தொங்கியது. பக்கத்தில் கால்சட்டை, இரண்டு காலும் கட்டப்பட்டு, அதுவும் நிறைமாசம். முன்னால் ஸ்டூல் போட்டு, கைபேசி வெளிச்சத்தை அக்குளில் அடித்துக்கொண்டு, அலசலார்.

"மாமா! என்ன மாமா இது?"

"சத்தம் போடாதே, ஊறட்டும். எங்கிட்ட காட்டாம வாங்கிக் கட்டிலுக்கடியில வச்சிருக்கே, பரவால்ல, நான் ஒண்ணும் நினைக்கல. மேல ஊத்திப் பார்த்தேன், ஒரு சொட்டு உள்ள வரல. அதுல என்ன தெரியும்? அதான் உள்ளேர்ந்து பார்க்கிறேன்."

"உள்ளேர்ந்து யாராவது பார்ப்பாங்களா மாமா? உள்ள நான்ல இருப்பேன்!"

"நீ பேசாதே. தண்ணி பேசட்டும்."

தண்ணீர் பேசியது. முதலில் அக்குளில் ஒரு சொட்டு. அலசலார் துள்ளினார். "பார்த்தியா! பார்த்தியா!" பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தபோதுகூட அவர் முகத்தில் இந்த ஆனந்தம் இல்லை என்று அக்கா பிற்பாடு சொன்னாள். அடுத்தது தோள்பட்டையில் ஒட்டியிருந்த பட்டை மெல்ல உரிந்தது. எந்த மழையும் எந்தக் காலத்திலும் ஒரு மனிதன் தோளில் ஏற்றாத அத்தனை வாளித் தண்ணீரும் அந்த ஒரு தையலில் தொங்கியது. பர்ர்ர் என்று ஒரு சத்தம். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கோட்டு வாயைப் பிளந்தது. தண்ணீர் மொத்தமும் அலசலாரின் மடியில்.

தொப்பலாக நனைந்து, மூக்கு நுனியில் சொட்ட, அவர் தலையை நிமிர்த்தினார். "நான் சொன்னேன்ல?" என்றார்.

இதோடு விட்டிருந்தால் ஊசி நூலால் தைத்துக்கொள்ளவாவது மிஞ்சியிருக்கும். விடுவாரா? பட்டையைச் சூடு காட்டினால் மறுபடி ஒட்டும் என்று கைபேசியில் எவனோ சொல்லியிருந்தான். மைத்துனன் ஈரக் கால்சட்டையை அவிழ்த்துக் காயப்போட்டுக்கொண்டிருந்த சமயத்தில் இஸ்திரிப் பெட்டியைக் கோட்டின்மேல் வைத்துவிட்டார். வீடு முழுக்க ரப்பர் எரிந்த நாற்றம். தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் கருகி. இஸ்திரிப் பெட்டியின் அடியில் மஞ்சளாக ஒரு பாலாடை.

மைத்துனன் கடைக்கு ஓடினான். மழைக்குக் கடை முன்னமே சாத்தியாகிவிட்டது. விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் திறப்பார்கள்.

விடிகாலையில், கிழிசல்மேல் பெட்டி ஒட்டுகிற டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனான். மழை கொட்டுகிறது. படகுக்கார அம்மா குடைபிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தனாகப் பார்த்து ஏற்றினாள். இவன் முறை வந்தது.

"திரும்பு."

திரும்பினான்.

"கையைத் தூக்கு."

தூக்கினான். டேப் உரிந்து காற்றில் ஆடியது.

"என்ன தம்பி இது, கோட்டுக்கு ஜன்னல் வச்சிருக்கே?"

"புதுசும்மா. நேத்து வாங்கினது. எங்க மாமா... சோதிச்சுப் பார்த்தாரு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "எனக்கு உன்மேல கோபம் இல்ல. ஆனா இதைப் போட்டுக்கிட்டு நீ நடுங்குவே, நான் வலையை அறுக்கணும். இறங்கிக்க."

ஒல்லி எழுந்து வந்தான். அதே கடை, அதே மஞ்சள் செட்டு. விலைச்சீட்டைக்கூடக் கழற்றவில்லை, காதோரம் ஆடிக்கொண்டிருந்தது. தாவி ஏறினான். படகு கிளம்பிவிட்டது. மைத்துனன் தோளிலிருந்த ஓட்டை வழியாக மழை உள்ளே இறங்கியது, முதுகுத்தண்டு வழியாக நேர்க்கோட்டில். அவன் துடைக்கவில்லை.

பக்கத்தில் ஒரு குரல். தலையில் துணிக்கடைப் பை, காதில் பிடி. அலசலார், பார்க்க வந்துவிட்டார்.

"வருத்தப்படாதேடா. நல்லவேளைன்னு நினைச்சுக்க. நேத்து நான் பார்க்கலைன்னா நடுக்கடல்ல கிழிஞ்சிருக்கும். உன் உயிரைக் காப்பாத்தியிருக்கேன்."

மைத்துனன் கையில் உரிந்து வந்த டேப்பை உருட்டிக் கடலில் போட்டான்.

"அதோ போறானே ஒல்லி, அவன் கதியைப் பாரு. திரும்பி வரும்போது பிழிஞ்சு காயப்போடணும்."

ஓட்டம் முடிந்து படகு திரும்பியது. மழை விடவேயில்லை. பெட்டி பெட்டியாக மீன். அந்த மழைக்காலத்தின் கொழுத்த ஓட்டம் அதுதான் என்று பிற்பாடு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பெட்டிகளை இறக்கித் தூக்கியது யார் என்கிறீர்கள்? மைத்துனன்தான், பழையபடி, நனைந்துகொண்டே. ஒல்லி இறங்கிவந்து ஐஸ் கம்பெனிக் கூரைக்கடியில் நின்று, கோட்டின் ஜிப்பைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, முதல் உரசலிலேயே பீடியைப் பற்றவைத்தான்.

அலசலார் அந்தத் தீக்குச்சியையே பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் இதைவிட நல்ல சோதனை ஒன்று கிடைத்திருக்காது. பார்த்தாரே தவிர, விட்டுக்கொடுத்தாரா? "இவனுக்கு நல்ல பீஸ் மாட்டியிருக்கு" என்றார். "லட்சத்துல ஒண்ணு அப்படி அமையும்." சொல்லிக்கொண்டே கை நீண்டது. ஒல்லியின் தோள்பட்டைத் தையலை இரண்டு விரலால் பிடித்தது. ஒல்லி பீடியை வாயிலிருந்து எடுக்காமலே அந்தக் கையில் ஒரு அடி வைத்தான். துறைமுகம் பூராவும் கேட்டது.

அதற்கப்புறம் அக்கா குடையை எடுத்துக்கொண்டு தானே போனாள். "என் தம்பி அளவுக்கு அந்த மஞ்சள் ஒண்ணு குடுங்க" என்றாள். ஊதவில்லை, முகரவில்லை. உள்ளே பட்டை இருக்கிறதா என்று ஒரு தரம் புரட்டிப் பார்த்தாள், புருஷனோடு குடித்தனம் நடத்தியதில் கற்றது அவ்வளவு. கடைக்காரர் மடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. எதிர்வீட்டு நர்ஸம்மாவின் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி இடுப்பில்.

மழைக்காலத்தின் கடைசியில் ஒல்லி வேறு படகுக்குப் போனான். மைத்துனனுக்கு இடம் கிடைத்தது. கொழுத்த ஓட்டமெல்லாம் முடிந்து, வலையில் பாசியும் பொடிமீனும் விழுகிற நேரம். ஆனாலும் ஏறிவிட்டான். விடியலில் எதிர்வீட்டுக்குப் போய் உடுப்பை மாட்டிக்கொண்டு போவான், திரும்பிவந்து அங்கேயே கழற்றி வைப்பான். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் அதுதான் நடைமுறை. எந்தப் புதுச் சாமானும் முதலில் எதிர்வீட்டில் இறங்குகிறது. பழசான பிறகுதான் சொந்த வீட்டுக்கு வருகிறது.

அலசலார் ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்கிறார்: "மச்சான் போட்டிருக்கான் பாருங்க மஞ்சள் கோட்டு, நான் எத்தனை கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்துக் குடுத்தது!" கேட்கிறவர்கள், "உங்களுக்கு?" என்கிறார்கள். "பார்த்துக்கிட்டிருக்கேன்" என்கிறார்.

இப்படிப்பட்ட ஆள் உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது இருப்பார். மாமாவாகவோ, மேஜைக்கு எதிரே உட்காருகிறவராகவோ. முகம் ஞாபகம் வந்து சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஒன்றே ஒன்றைக் கேட்டுவிட்டுப் போகிறேன்.

அந்த மஞ்சள் கோட்டின் விலை என்ன என்று எங்கேயும் சொல்லவில்லை. தையல் ஒற்றையா இரட்டையா, வேறெங்காவது இதைவிடக் குறைவாகக் கிடைக்குமா என்றும் சொல்லவில்லை. படித்துக்கொண்டு வந்தபோது நடுவில் எங்காவது அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உங்களுக்கு அரித்ததா?

அரித்ததென்றால், ஐயா, உங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் யார் யாருடைய சாமான் பூட்டியிருக்கிறது என்று ஒரு தரம் விசாரித்துப் பாருங்கள். விசாரிக்கத்தான் உங்களுக்கு நன்றாக வருமே.